நூற்று நாற்பத்தொரு நாள்

காரைக்கால் கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம் ஒரு மேசை போடும் அளவுக்கு இடம். மரியமுத்து முப்பத்தெட்டு வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். தமிழில் இருக்கும் சாட்சியங்களையும் பத்திரங்களையும் மேல் கோர்ட்டுகளுக்காக ஆங்கிலத்தில் எழுதித் தருவது தொழில். ஆங்கிலம் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. பழைய தீர்ப்பு நகல்களையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு தானே கற்றது. அதனாலோ என்னவோ, மூன்று தடவை சரிபார்க்காமல் ஒரு வரியைக்கூடக் கையைவிட்டு அனுப்பமாட்டார்.

"அண்ணங்கிட்ட கேஸ் கட்டக் குடுத்தா, கைதி தண்டன முடிஞ்சு வந்து அவனே வாங்கிக்கலாம்" என்பான் டீக்கடை பீர் மைதீன்.

"தப்பா எழுதுனா அவன் வரவே மாட்டான்டா" என்பார் இவர்.

மகள் ஜெனிட்டா கல்யாணமாகி இரண்டாம் வருஷம், நெரவியில் புருஷன் வீட்டில் இறந்துபோனாள். சாவுக்குக் காரணம் அவன்தான் என்று கீழ்க் கோர்ட்டு அவனுக்கு ஏழு வருஷம் கொடுத்தது. மேல் கோர்ட்டு விடுதலை செய்தது. அதைக்கூட மரியமுத்து எப்படியோ விழுங்கிக்கொண்டார். தீர்ப்பில் இருந்த ஒரு வரிதான் இறங்கவில்லை: இறந்த பெண் சின்ன விஷயத்துக்கும் நிலைதடுமாறும் சுபாவமுள்ளவள். அந்த வரியை இனி உச்ச நீதிமன்றம்தான் நீக்க முடியும்.

டெல்லியில் வக்கீலாக இருந்த திருநள்ளாற்றுக்காரர் ராஜ்மோகன் போனில் விளக்கினார்.

"அண்ணே, அங்க வர்ற எல்லாத்தையும் விசாரிக்க மாட்டாங்க. எடுத்துக்கலாமா வேணாமான்னுதான் மொதல்ல பாப்பாங்க. ஒரே நாள்ல அறுபது எழுபது மனு. நமக்கு ஒரு நிமிஷம் கெடைச்சா பெருசு. தொண்ணூறு நாளுக்குள்ள போட்டுடணும். மொழிபெயர்ப்ப அப்புறம் தர்றோம்னு ஒரு மனு சேத்துடலாம், ஒத்துக்குவாங்க."

"ஒரு நிமிஷம்தான்னா, முன்னாடியே படிச்சுட்டுத்தான வருவாங்க? அவங்களுக்குப் புரியாத காயிதத்தயா வைக்கிறது? நானே முடிச்சுத் தர்றேன்."

இருநூற்றுப் பதினான்கு பக்கம். இரண்டே மாதத்தில் ஒரு பக்கம் தவிர எல்லாம் முடிந்தது. அந்தப் பக்கம் மனைவி இருதயமேரியின் சாட்சியம். 'அம்மா, வந்து என்னக் கூட்டிட்டுப் போன்னு போன்ல சொன்னிச்சு. அடுப்புல கொழம்பு இருக்கு, நாளைக்கு வர்றேன்னேன். அன்னைக்கு ராத்திரியே எம்புள்ள செத்துப்போச்சு.' கோர்ட்டில் சொல்லும்வரை அவரிடம்கூட அவள் சொல்லாத விஷயம் அது. காலையில் எழுதுவார். மாலையில் படித்துவிட்டுக் கிழித்துப்போடுவார்.

"நாளு ஓடுதுண்ணே" என்று ராஜ்மோகன் நான்கு முறை கூப்பிட்டார். "ஒரு பக்கந்தான் தம்பி பாக்கி" என்றே இவர் சொல்லிவந்தார். மனு தாக்கலானபோது கெடு தாண்டி நூற்று நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வந்தது. ராஜ்மோகன் அனுப்பிய இணைப்பு வழியாக, அகராதியில் சாய்த்துவைத்த செல்போனில் மரியமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்து மூன்றாவது மனு. ராஜ்மோகன் வாய் திறக்குமுன் நீதிபதி, தாமதத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டார்.

"மொழிபெயர்ப்பு."

"அதைப் பிறகு தந்திருக்கலாமே" என்றார் நீதிபதி, கோபமில்லாமல். தாமதத்தை மன்னிக்கக் காரணமில்லை, மனு தள்ளுபடி. நாற்பத்து நான்கைக் கூப்பிட்டார்கள். எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. மரியமுத்துவுக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

பிறகு ராஜ்மோகன் பேசினார். "அந்தத் தீர்ப்பு சரின்னு அவங்க சொல்லலண்ணே. எடுத்துக்கல, அவ்வளவுதான்." இதே வார்த்தைகளை மரியமுத்து எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர்கள் ஏன் பதில் பேசாமல் போனார்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் இருதயமேரி வாசலுக்கே வந்துவிட்டாள். "என்னங்க, படிச்சாங்களா?"

"தேதியப் பாத்தாங்க."

"புள்ளயப் பத்தி எழுதுனது?"

"அது அப்படியேதான் நிக்கும், மேரி. வக்கீலு அன்னைக்கே போட்டுடலாம்னாரு. நாந்தான் உன் பக்கத்த வச்சுக்கிட்டு..."

"எத்தன நாளு?"

"நூத்தி நாப்பத்தொண்ணு."

அவள் நிலைப்படியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"நான் ஒரு நாளுதாங்க சொன்னேன்" என்றாள்.