ருவைஸிலிருந்து ஒரு லத்தீன் வகுப்புக்கு

2007, மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை நாலேகாலுக்கு ருவைஸ் கேம்ப்பிலிருந்து கம்பெனி பிக்கப்பில் கிளம்பினேன். அபுதாபி வரை 240 கிலோமீட்டர். அங்கிருந்து துபாய் 150. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை சைட்டில், ஆட்களின் வேலை நேரத்தைக் குறிக்கும் டைம்கீப்பரான நான், ஒரு பள்ளியில் லத்தீன் பாடம் நடத்திக் காட்டப் போய்க்கொண்டிருந்தேன்.

கத்தோலிக்கக் குருமடத்தில் எட்டு வருடம் படித்து, குருப்பட்டம் பெறாமல் வெளியேறியவன் நான். கையில் மிஞ்சியது லத்தீன்தான். துபாயில் ஆங்கிலேயப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் ஒரு பள்ளியில் அந்த மொழிக்கு ஆள் தேடினார்கள். ஆசிரியர் உரிமம் கிடைத்தால் குடும்ப விசா கிடைக்கும். மனைவி ஸ்டெல்லாவையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம். அதற்காக, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் நாற்பது நாள் லீவில் ஊருக்குப் போகாமல், துபாய் அல் கூஸில் நண்பனின் ரூமில் தங்கி, அந்தப் பள்ளியின் லத்தீன் ஆசிரியை ஹெலனிடம் பயிற்சி எடுத்தேன். இன்று கடைசித் தேர்வு.

ஏழு மணிக்கு அபுதாபி. துபாய் வேனுக்கு இருபது திர்ஹாம். பக்கத்தில் பரமக்குடிக்காரர் ஒருவர். எதற்குப் போகிறேன் என்று கேட்டார், சொன்னேன்.

“லத்தீனா? எந்த நாட்டுலண்ணே பேசுறாக?”

“இப்ப எங்கயும் பேசல.”

“அப்பறம் எதுக்குப் படிக்குறாக?”

அவரே, “சரிண்ணே, சம்பளம் குடுத்தாச் சரி” என்றார்.

பத்தரைக்கு வகுப்பு. பதினொரு பிள்ளைகள். பின்வரிசையில் ஹெலனும், தேர்வாளர் இருவரும். ‘டோமோ’ என்று பலகையில் எழுதினேன். வீட்டிலிருந்து என்று பொருள். பெரும்பாலான மற்ற இடங்களிலிருந்து புறப்பட ‘எக்ஸ்’ போன்ற ஒரு முன்சொல் வேண்டும்; வீட்டைச் சொல்லும்போது அது வேண்டாம், விகுதி மட்டும் போதும். நித்யா என்ற தமிழ்ப் பெண் கையைத் தூக்கி, தமிழிலும் அப்படித்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பழந்தமிழில் அப்படித்தான் என்று சொல்லி, “வீட்டின் நீங்கினான்” என்று எழுதிக் காட்டினேன். தன் தாய்மொழியை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். மணி அடித்தும் யாரும் எழவில்லை.

தேர்வாளர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். ஹெலன் ஆசிரியர் அறைக்கு அழைத்துப் போய் கல்வி அமைச்சகத்தின் கடிதம் ஒன்றைக் கொடுத்தார். குருமடச் சான்றிதழைப் பல்கலைக்கழகப் பட்டமாக ஏற்க முடியாது, உரிமம் இல்லை. கடிதம் வியாழக்கிழமையே வந்திருந்தது.

“முன்பே சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டீர்கள். இந்த ஒரு வகுப்பையாவது நீங்கள் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள்” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மூன்றரை மணிக்கு அபுதாபி பேருந்து நிலையத்திலிருந்து திருச்சிக்குப் போன் போட்டேன். நான் வாயெடுப்பதற்குள் ஸ்டெல்லா, “பாப்பாவுக்கு டிசி வாங்கிட்டேங்க. ஸ்கூல் சிஸ்டருக்குக் குடுக்க மனசே இல்ல” என்றாள்.

“திருப்பிக் குடுத்துரு ஸ்டெல்லா.”

போன் கார்டில் நிமிடங்கள் கரைந்தன. அவள் அழுவாள் என்று நினைத்தேன். “பாடம் நல்லா நடத்துனீங்களா?” என்று கேட்டாள்.

“நடத்துனேன்.”

“அது போதும். சாப்பிட்டீங்களா?”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நாலு மணிக்கு ருவைஸ் பஸ். வழியில் தாரிஃப் ஊரைத் தாண்டினால் மணலும் மின்கம்பங்களும்தான். ஊருக்குத் திரும்பும்போது மலைக்கோட்டை கண்ணில் பட்டதுமே நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்துவிடுவேன், கண்டக்டர் திட்டுவார். இங்கே சுத்திகரிப்பு ஆலையின் நெருப்பு வெகுதூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. அன்று அது நெருங்கி, ஜன்னலை நிறைத்து, பஸ் நின்று, எல்லோரும் இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன். பட்டாணிய டிரைவர் திரும்பிப் பார்த்து, “பாய், ருவைஸ் ஆ கயா. கலாஸ்” என்றார். ருவைஸ் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று அர்த்தம்.

இறங்கினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு டூட்டி.