மாறுகண்காரன் முதுகில்

கொல்லிமலைக்கு உப்பு கொண்டுபோய் மிளகு மாற்றிவந்த காலம். என் கூட்டாளிக்கு மாறுகண். அடிவாரத்தில் அவனைத் திருட்டுமுழிக்காரன் என்பார்கள். சிரித்த முகமென்று என்னைத்தான் நம்புவார்கள்.

ஒருநாள் மலைமேல் வாழவந்தி நாட்டு ஊரொன்றில் ஒரு தாய், காய்ச்சலில் துவண்ட மகளை அடிவாரத்து வைத்தியரிடம் கொண்டுபோகத் துணை கேட்டாள். செங்குத்துப் பாதையில் சுமந்து இறங்க அவளுக்குத் தெம்பில்லை. நான் கை நீட்டினேன். அவளோ எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்துவிட்டு, பிள்ளையை அவன் முதுகில் துணியால் கட்டினாள்.

“ஏனாத்தா, என்னயப் பாத்தா புள்ளையக் கீழ போடறவனாட்டமா இருக்குது?”

“நீங்க சிரிச்சுக்கிட்டே வழியப் பாக்கறீங்க சாமி. அவருக்கு ஒரு கண்ணு எங்கியோ போகுது, இன்னொன்னு புள்ளைய உட்டு நகரலீங்க.”

இத்தனை வருஷம் கூடவே நடந்தும் நான் பார்க்காத கண்ணை அவள் நொடியில் பார்த்துவிட்டாள். அவன் வழுக்காமல் இறங்கினான். வைத்தியர் வாசலில் பிள்ளை விழித்துத் தண்ணீர் கேட்டது.