சாரலில் தட்டிய வறட்டி

என் மூத்தாரை, அதாவது கணவரின் அண்ணனை, நல்ல மனுஷன் என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் அவரோடு ஒரே வளவில் குடியிருந்ததில்லை. குற்றாலத்தில் எங்கள் வீட்டின் முன்கட்டு அவருக்கு, பின்கட்டு எங்களுக்கு, நடுவில் முற்றம் பொது. முற்றத்தின் மேற்குச் சுவர் மட்டும் அவர் பங்கில் போயிருந்தது. அந்தச் சுவரில்தான் என் மகன் பந்தடித்துப் பழகினான்.

எழுபதுகளின் கடைசி அது. மகன் தென்காசியில் ஏழாம் வகுப்பு படித்தான். பள்ளிக்கூட ஃபுட்பால் டீமில் அவனைச் சேர்த்த டிரில் மாஸ்டர், கூடவே தலையில் ஒரு குண்டையும் போட்டிருந்தார். இவனுக்கு இடது கால் சும்மா நிற்பதற்குத்தான் இருக்கிறது, செங்கோட்டையில் நடக்கும் முதல் மேட்சிலும் அப்படியே நின்றால் டீமை விட்டு எடுத்துவிடுவேன் என்றாராம். பயலுக்குச் சோறு இறங்கவில்லை.

நான் செங்கோட்டைக்காரி. பந்துப் பைத்தியம் பிடித்த அண்ணன் தம்பிகளுக்குப் பந்து பொறுக்கிப் போட்டே பாதி ஆட்டம் கற்றவள். மகனின் வலது காலில் ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டினேன். அந்தக் கனத்தோடு வலது காலை வீசி உதைக்க முடியாது, இடது காலை எடுத்தே ஆக வேண்டும். சாயங்காலம் அவன் உதைப்பான், நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி வரும் பந்தை உருட்டிவிடுவேன். பெருவிரலால் குத்தாதே, பாதத்தின் உள்பக்கத்தால் தள்ளு என்று கத்திக்கொண்டே இருப்பேன்.

மூத்தாருக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் சுவர் முழுக்க வறட்டி. அவர் மனைவியை, என் ஓரகத்தியை, விட்டுத் தட்ட வைத்திருக்கிறார். ஆனி மாதம், சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் புத்தியுள்ள எவரும் அப்போது வறட்டி தட்டமாட்டார்கள், கோடையிலேயே காயவைத்து அடுக்கிவிடுவார்கள். இது அடுப்புக்காகத் தட்டியது இல்லை, எனக்காகத் தட்டியது.

மகனைக் கூப்பிட்டேன். "ஏலே, அந்தா ஓரத்துல இருக்குல்லா, அந்த வறட்டியப் பாத்து அடி. எடது காலால அடி."

முதலில் தவறியது. அப்புறம் பட்டது. பச்சை வறட்டி சொத்தென்று விழுந்தது. அவர் மறுபடி தட்ட வைப்பார், இவன் மறுபடி உதைத்து விழத்தட்டுவான். வெறும் சுவரில் வராத குறி வறட்டியைப் பார்த்து உதைத்தபோது வந்தது. சாணித் துணி துவைத்து என் கை ஓய்ந்தது, சுவர் நாறியது. ஓரகத்தி பாவம்தான். ஆனால் பாவம் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

மேட்சுக்கு நான் போக முடியாது. ஆம்பிளைகள் நிற்கிற மைதானத்தில் உனக்கென்ன வேலை என்று கணவர் கேட்டார். அவருக்கோ சீசன் வியாபாரம், கடையை அடைக்க முடியாது. தன் அண்ணனை அனுப்பிவிட்டார். உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லை.

மேட்ச் முடிந்து பையன்களை அன்று செங்கோட்டையிலேயே தங்க வைத்துவிட்டார்கள். மூத்தார் மட்டும் பஸ்ஸில் திரும்பி வந்து, முன்கட்டில் உட்கார்ந்து மனைவியிடம் மேட்சைச் சொல்ல ஆரம்பித்தார். மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மைதானத்துச் சகதி, எதிர்டீம் பையன்களின் உயரம், தான் குடித்த டீ, எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். கடைசி நேரத்தில் பந்து என் மகனுக்கு இடது பக்கமாக வந்தது என்றார். அத்தோடு நிறுத்திவிட்டு வெற்றிலையை எடுத்தார். நான் நிற்பது அவருக்குத் தெரியும். காம்பு கிள்ளினார், சுண்ணாம்பு தடவினார். அந்த நிமிஷம் அவரை வெறுத்ததைப் போல நான் யாரையும் வெறுத்ததில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். "பொறவு என்ன ஆச்சு?"

அவர் என் பக்கம் திரும்பாமல் மனைவியைப் பார்த்துச் சொன்னார். "எடது காலாலதான் அடிச்சான். கோலு. இனி அவன டீம விட்டு எடுக்கமாட்டேன்னு வாத்தியாரு சொல்லுதாருன்னு சொல்லு. சுவத்துக்கு வெள்ளையடிச்சுத் தரணும்னும் சொல்லு."

அடுப்படிக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான். அதை அந்த வாயால் கேட்க வேண்டியிருந்ததே என்ற ஆத்திரமும்தான். சுவருக்கு நான் வெள்ளையடித்துக் கொடுக்கவில்லை.