இரண்டு கையெழுத்து

அந்த மின்னஞ்சல் வந்தபோது நான் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டுப் போனில் படித்தேன். எங்கள் சாஃப்ட்வேரின் நிரல் தங்கியிருக்கும் அமெரிக்க இணையதளத்திலிருந்து வந்திருந்தது. ஈரானிலிருந்து என்னோடு சேர்ந்து வேலை செய்பவரின் கணக்கை ஏற்றுமதிச் சட்டப்படி மூடிவிட்டார்களாம். ப்ராஜெக்டில் அவருக்கு இருக்கும் உரிமைகளை நானே நீக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் ப்ராஜெக்டையே முடக்கிவிடுவார்களாம். படித்துவிட்டு மீதி மீனையும் கழுவி முடித்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சில்லறைக்காக ஆட்டோக்காரரோடு தெருவே கூடும்படி சண்டை போடுகிறவள் நான். அன்று எல்லாம் மரத்துப்போயிருந்தது.

எங்கள் சாஃப்ட்வேர் ஒன்றும் ராணுவ ரகசியமில்லை. காஞ்சிபுரத்தில் இப்போது பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவதெல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஃபைல் பென் டிரைவில் ஏறித் தறிக்குப் போகும். போகிற வழியில் யாராவது காப்பி எடுத்துவிட்டால், நாம் வரைந்த மயில் எதிர்க்கடைக் கண்ணாடிக்குள் போய் நிற்கும். என் அண்ணன் போட்ட பார்டர் ஒன்று அப்படித்தான் திருட்டுப் போனது. அவர் புலம்பல் தாங்காமல், டிசைன் ஃபைலைப் பூட்டி, உரிய தறியில் மட்டும் திறக்கிற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் எழுதினேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஓப்பன் சோர்ஸாகப் போட்டேன்.

ஈரானில் தப்ரீஸ் நகரத்தில் கம்பளத்துக்கு டிசைன் போடும் ஒருவர் அதை எடுத்துப் பார்த்திருக்கிறார். என் பூட்டில் இருந்த ஓட்டைகளையெல்லாம் சொல்லி, அடைத்தும் அனுப்பினார். மானம் போனது. வேறு வழியில்லாமல் அவரையே கூட்டாளியாக்கிக்கொண்டேன். முகம் பார்த்ததில்லை. பிழைத் திருத்தங்களும், பெருநாள் வாழ்த்தும், சில சமயம் அவர் மகளின் இருமலும்தான் எங்கள் பேச்சு. நான் "நாளைக்குப் பார்க்கிறேன்" என்று எழுதினால், "உங்கள் நாளை எந்த மாதத்தில் வரும், சகோதரி?" என்று கேட்பார். அப்படிக் கேட்க எனக்கு வேறு யாரும் இருக்கவில்லை.

என்னைப் பெற்ற அத்தாவும் அவர் தம்பியான என் சாச்சாவும் கூட்டாகச் சரிகைக் கடை வைத்திருந்தார்கள். சரிகை பீரோவுக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி. ஒருவர் வராமல் மற்றவர் திறக்க முடியாது. சந்தேகத்தால் இல்லை, எங்கள் வீட்டில் கூட்டுக்கு அதுதான் மரியாதை. சாச்சா ஹஜ்ஜுக்குப் போயிருந்தபோது அத்தா கடையில் சும்மா உட்கார்ந்து ஈ ஓட்டினார். அதே புத்தியோடு நானும் ப்ராஜெக்டுக்கு ஒரு விதி எழுதி வைத்தேன். எங்கள் இருவரின் டிஜிட்டல் கையெழுத்தும் இல்லாமல் புதிய பதிப்பு எதுவும் வெளியே போகாது. இருவரில் ஒருவரை நீக்கவும் இரண்டு கையெழுத்தும் வேண்டும். நீக்குவது என்று ஒன்று நடக்கும் என யார் கண்டார்கள்?

தளத்துக்கு எழுதிக் கேட்டேன். எழுதியது காஞ்சிபுரத்திலும் தப்ரீஸிலும், இதில் அமெரிக்கா எதை ஏற்றுமதி செய்கிறது? பதில் மரியாதையாகவே வந்தது. நிரல் இருப்பது அவர்கள் நாட்டு சர்வரில். என்கிரிப்ஷன், அதாவது ஃபைலைப் பூட்டும் நுட்பம், அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட சரக்கு. பொதுவில் போட்டதை யாரும் படிக்கலாம், ஆனால் ஈரானில் இருப்பவருக்குக் கணக்கோ உரிமையோ தர முடியாது. ஆக, அவர் எழுதியதை அவரே படிக்கலாம், தொடத்தான் கூடாது. நன்றி என்று பதில் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மதியம் சாப்பிட வந்த அண்ணனிடம் சொன்னேன்.

"இன்னாம்மா இது, பூட்டு செஞ்சவரையே வெளிய நிறுத்துறானுங்க? வேற எடத்துக்கு எடுத்துக்கினு போயேன்," என்றார்.

போகலாம். ஆனால் அந்த வாரம்தான் பூட்டில் புதிதாக ஒரு ஓட்டை தெரியவந்திருந்தது. சூரத்திலும் பனாரஸிலும் இதை வைத்திருப்பவர்களுக்குப் புதிய பதிப்பு அந்தத் தளத்திலிருந்து தானாகவே போய்ச் சேரும். இடம் மாற்றினால் பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. அவர்கள் டிசைனெல்லாம் திறந்து கிடக்கும்.

"அப்போ அவரு?" என்றார் அண்ணன்.

நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, குழம்பு நல்லா இருக்குது என்றார்.

உரிமை உள்ளவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்த வரியை அழித்தேன். அவ்வளவுதான் வேலை. அதை மெயிலில் அவருக்கே அனுப்பி, உங்களை நீக்க உங்கள் கையெழுத்து வேண்டும் என்று எழுதினேன். கையெழுத்துப் போடும் சாவி அவர் கம்ப்யூட்டரிலேயே இருந்தது, அதற்குத் தளத்தின் கணக்கு தேவையில்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு வரி சேர்த்தேன். அது பொய்யாகத் தெரிந்தது, எடுத்துவிட்டேன். இந்தக் கடைசிக் கையெழுத்தை வாங்கச் சட்டம் இடம் தருகிறதா என்று நான் யாரையும் கேட்கவில்லை.

பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. வருத்தமோ ஆறுதலோ அதில் எதுவும் இல்லை.

"சகோதரி, அவசரத்தில் செய்திருக்கிறீர்கள். என்னை நீக்கிவிட்டு, தேவைப்படும் கையெழுத்து இரண்டு என்பதை அப்படியே விட்டுவிட்டீர்கள். இப்படியே போயிருந்தால் அப்புறம் எந்தப் பதிப்பையும் உங்களால் வெளியிட முடிந்திருக்காது. அதை ஒன்று என்று மாற்றி, சோதித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்."

நானும் சோதித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. என் கையெழுத்தையும் சேர்த்தேன்.

ஓட்டையை அடைத்த பதிப்பை அன்று மாலையே அனுப்பினேன். என் ஒரு கையெழுத்தே போதுமாயிருந்தது. போட்டதும் போய்விட்டது. நான்தான் பழக்கதோஷத்தில் மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு, அவருடையது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.