ஒரு நிமிடத்தால் விழுந்த கோள்

வானாய்வு நிலையத்தில் அவரை எல்லாரும் நொடியக்கா என்றே அழைத்தனர். தொலைவிலுள்ள ஒரு விண்மீனைச் சுற்றும் பெருங்கோள் ஒன்று, சுற்றுதோறும் அதன் முகத்தைக் கடக்கும். அப்போது விண்மீனின் ஒளி சற்றே மங்கும். அந்த நேரத்தை நொடி பிசகாமல் குறிப்பதே அவருடைய பிழைப்பு. சுற்றுக்காலம் குறைந்துகொண்டே வந்தால், கோள் தன் விண்மீனை நோக்கிச் சரிகிறது என்று பொருள். இளமையை அந்தக் கேள்விக்கே தாரைவார்த்துவிட்டு, சென்ற ஆண்டுதான் ‘குறைகிறது’ என்று கட்டுரை எழுதினார். துறைத்தலைவர் அதை மேடைதோறும் முழங்கி, தொலைநோக்கியில் அவருக்குரிய நேரத்தையும் அவருடைய பணியையும் ஓராண்டு நீட்டித்துத் தந்தார்.

அடுத்த நீட்டிப்புக்கான குழு கூடவிருந்த வேளையில் வினை வந்தது. வேறொரு நிலையத்திடமிருந்து பெற்ற பழைய அளவுகளை அவர் மீண்டும் சரிபார்த்தார். அவற்றின் தலைப்பில் ‘திருத்தப்பட்டவை’ என்றிருந்தது. பூமி இடம் மாறுவதால் ஒளி வந்துசேரும் நேரம் முன்பின்னாவதற்கான திருத்தம், சுவர்க்கடிகார நேரத்தைச் சீரான வானியல் நேரமாக மாற்றும் திருத்தம் ஆகிய இரண்டும் முடிந்துவிட்டன என்று நம்பி, அவற்றை அப்படியே சேர்த்திருந்தார். உண்மையில் முதல் திருத்தம் மட்டுமே செய்யப்பட்டிருந்தது. பழைய அளவுகள் ஏறத்தாழ ஒரு நிமிடம் முந்தி நின்றன. அதனாலேயே பழைய சுற்றுகள் நீண்டும் புதியவை குறுகியும் தோன்றின. அந்த நிமிடத்தைச் சேர்த்ததும் சரிவு போன இடம் தெரியவில்லை.

“உட்காருங்கம்மா. ஏன் முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?” என்றார் துறைத்தலைவர்.

“கோள் விழலை, சார். நான்தான் விழுந்துட்டேன்.”

அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலைவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“குழு கூடுற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. யாரு இதைத் தோண்டிப் பாக்கப் போறாங்க?”

“நான் பாத்துட்டேனே, சார்.”

“அதுதானே இப்போ தொல்லை. கட்டுரையைத் திரும்ப வாங்கினா தொலைநோக்கி நேரமும் போயிடும், உங்க வேலையும் போயிடும்.”

“வேலை போனா போகட்டும். இன்னும் சில வருஷம் அளந்தா, நிஜமாவே சரியுதா இல்லையான்னு தெரிஞ்சிடும். நேரத்தை மட்டுமாவது விட்டு வையுங்க.”

“எதுக்கு? விழாத கோளை வேடிக்கை பாக்கவா?”

அன்று மாலையே நொடியக்கா கட்டுரையைத் திரும்பப் பெற்றார். வேலை போகப்போகிறது என்று கேட்டதும் வீட்டில் தங்கைதான் குமுறினாள்.

“உண்மையைச் சொன்னதுக்கு இதுதான் கூலியாக்கா?”

“தப்புப் பண்ணினதுக்குடி. உண்மைக்கெல்லாம் யாரும் கூலி குடுக்கிறதில்லை.”

குழு கூடியது. துறைத்தலைவர், ‘எங்கள் பிழையை நாங்களே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டோம்’ என்று நெஞ்சை நிமிர்த்திப் பேசினார். அந்த நேர்மைக்காகத் துறைக்குப் பாராட்டுக் கிடைத்தது. கோளுக்குரிய தொலைநோக்கி நேரமோ வேறொருவருடைய ஆய்வுக்குப் போயிற்று.

மேசையைக் காலி செய்துகொண்டிருந்த நொடியக்காவிடம், தொலைநோக்கியை இயக்குபவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இனிமே அதை யாரு பாப்பாங்க, அக்கா?”

“யாரும் பாக்க மாட்டாங்க. அது பாட்டுக்குச் சுத்தட்டும்” என்றார் அவர். “இனிமே அது நிஜமாவே விழுந்தாலும், நம்மகிட்ட சொல்ல வராது.”