யாரும் போடாத உத்தரவு

என் மகளுக்குப் பத்து வயது நடந்தபோது, செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் வருவதை நிறுத்திவிட்டார். மகளுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம், கால்கள் விறைத்துக்கொள்ளும். அவற்றை நீட்டி மடக்கிவிட, அரசு ஏற்பாட்டில் அந்த இளம்பெண் கரியாலூர் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து எங்கள் ஊருக்கு நடந்து வருவார்.

மூன்று செவ்வாய் பார்த்துவிட்டு போன் செய்தேன்.

"இனிமே வூட்டுக்குப் போகக் கூடாதுன்னுட்டாங்கக்கா. நீங்கதான் பாப்பாவ கீழ தெரபி சென்டருக்குத் தூக்கிகினு வரணும்."

"யாரு மேடம் சொன்னது?"

"மேல இருந்து ஆர்டராம்."

மலையில் இருக்கும் எங்களுக்கு எல்லா அலுவலகமும் கீழேதான். இந்த 'மேல' எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட ஆசை வந்தது. கோபம் அதற்குப் பிறகுதான்.

ஒருமுறை தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு பஸ். வளைவுக்கு வளைவு வாந்தி. சென்டரில் இறக்கியபோது அவள் கால்கள் கட்டையாகிவிட்டிருந்தன, தொட்டாலே அலறினாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டே பக்கத்து அலுவலகத்தில் விசாரித்தேன். "ஆர்டர்லாம் காட்ட மாட்டாங்கம்மா" என்றார் கிளார்க்.

பிறகு கள்ளக்குறிச்சியில் இலவச சட்ட உதவி மையத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் வக்கீலைப் பார்த்தேன்.

"கேஸ் போடலாம். ஆனா எந்த உத்தரவ எதிர்த்துன்னு எழுதணுமே. காப்பி இருக்குதா?"

"இல்லீங்க மேடம்."

"அப்போ தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேளுங்க. ஒரே ஒரு கேள்வி போதும்."

வீட்டு வருகையை நிறுத்திய ஆணையின் நகல் வேண்டும் என்று என் கையாலேயே எழுதி அனுப்பினேன். மரவள்ளி பிடுங்கும் சமயத்தில் பதில் வந்தது. "தாங்கள் கோரும் ஆணை ஏதும் இவ்வலுவலகக் கோப்புகளில் இல்லை."

மண் கையோடு மூன்று தடவை படித்தேன். இல்லாத ஒரு காகிதம் எப்படி ஒரு பஸ் பயணத்தை நிறுத்தும்?

வக்கீல் சிரித்துவிட்டார். "இல்லாத உத்தரவ ரத்து பண்ணச் சொல்ல முடியாது. வூட்டுக்குப் போகணும்னு பழைய உத்தரவு ஒண்ணு இருக்குது பாருங்க, அத நடத்தச் சொல்லலாம்." அந்த மையத்தின் நீதிபதியிடமே அப்படி மனு போட்டார்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். களைத்த முகம். யார் நிறுத்தியது என்று நீதிபதி கேட்டார். அதிகாரி சொன்னார்: "ஒரு மீட்டிங்ல பேச்சு வந்துச்சுங்க. மலைக்குப் போனா ஒரு பிள்ளைக்கே ஒரு நாள் ஆயிடுது, சென்டர்ல இருந்தா நாலு பிள்ளைங்களப் பாக்கலாம்னு. அதயே உத்தரவா எடுத்துக்கினோம்."

பேச்சுவாக்கில் விழுந்த ஒரு வார்த்தை. இதைத் தேடியா இத்தனை மாதம் அலைந்தேன்!

வெளியே வந்ததும் அவரிடமே கேட்டேன். "அந்த நாலு பிள்ளைங்க யாருங்க?"

அவர் திகைத்தார். "சின்னசேலம் பக்கம் ரெண்டு... மத்தது விசாரிக்கணும்மா."

அவர்களைப் பற்றி அதுவரை நான் நினைத்ததே இல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு ஆள் அனுப்புவதாக எழுதித்தர அலுவலகத்தார் ஒப்புக்கொண்டார்கள். வாரா வாரம் வேண்டுமென்றால் ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்றார் வக்கீல். அந்த நாலு பேருக்கும் நாள் வேண்டுமே என்று வேண்டாம் என்றேன்; மலைக்கென்று தனியாக ஓர் ஆள் வேண்டும் என்ற கோரிக்கையையும் அந்தக் காகிதத்தில் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஆள் இன்னும் வரவில்லை.

முன்பு வந்துகொண்டிருந்த அந்த இளம்பெண்ணே மறுபடி வந்தார். மகள் வார்த்தை வார்த்தையாக இழுத்துக் கேட்டாள்: "இத்தினி நாளு... இன்னா பண்ணிகினு இருந்த?"

"உன்னாட்டம் வேற பிள்ளைங்களப் பாத்துகினு இருந்தேன்."

"அதுங்களும் கத்துமா?"

"ஒண்ணு உன்ன விட ஜாஸ்தி கத்தும்."

மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் அவள் முட்டியை மெல்ல மடக்கிப் பார்த்தார். முன்பு மடங்கியதில் பாதிதான் மடங்கியது. "இடைநாள்ல நீங்க செய்யணும்க்கா, கைய இங்க வைங்க" என்று என் கையை எடுத்து அந்த முட்டியின் கீழே வைத்தார்.