மருதாள் சொன்ன அடையாளம்

வீரபாண்டியில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில், மருதாளின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை. அவள் யாரையும் திட்டமாட்டாள். குரலைக்கூட உயர்த்தமாட்டாள். ஆனால் ஒரு மனிதரையோ ஒரு பொருளையோ பார்த்து, இது இன்னது மாதிரி இருக்கிறது என்று ஒரு தடவை சொல்லிவிட்டாள் என்றால் போதும். அதற்குப் பிறகு யாராலும் அதை வேறு விதமாகப் பார்க்க முடியாது.

சூப்பர்வைசர் சிவபிரகாஷ் புதிதாக வந்து சேர்ந்த அன்று, "தண்ணி ஊத்துன தரையில பூனை போற மாதிரியே நடக்கறாருங்க" என்றாள். மாலைக்குள் அவருக்குப் பூனை என்றே பெயர் ஆகிவிட்டது. கேன்டீன் உப்புமாவை "நனஞ்ச பஞ்சு மாதிரி" என்றாள். அந்த வாரம் முழுக்க உப்புமா மிச்சமானது. துணியின் பழுதுகளையும் அவள் விட்டுவைக்கவில்லை. சின்ன ஓட்டை கொசு கடித்த மாதிரி. கொஞ்சம் பெரியது, பால் பல் முளைத்த குழந்தை கடித்த மாதிரி. ஊசி இழுத்த கோடு, அழுது தூங்கிய பிள்ளையின் கன்னம் மாதிரி. பழுதின்மேல் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டே சொல்வாள்.

எதிரில் நின்று வேலை செய்யும் விஜயராணி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள்.

"யக்கா, ஒங்க வாயில விழுறதுக்கு லாரியில விழுந்துரலாம்."

"உன்னயத்தான் இன்னும் ஒண்ணுஞ் சொல்லல புள்ள."

"சொல்லிராதீயக்கா. எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல."

மேஜையைச் சுற்றி நிற்கும் எல்லோரும் சிரிப்பார்கள். மருதாளும் சிரிப்பாள். அவள் வீட்டில் அந்தச் சிரிப்பு அடங்கி வெகு நாளாகியிருந்தது என்பது விஜயராணிக்கு மட்டும்தான் தெரியும்.

மருதாளின் கணவர் ராசப்பன் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். வெட்டுவதற்காக அடுக்கிய துணியை உள்ளங்கையால் தடவித் தடவிச் சுருக்கம் எடுப்பதிலேயே அவருடைய பாதி வாழ்க்கை போனது. ஒருநாள் காலை அந்தத் துணியின் மேலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள், பேச்சைக் கொடுக்க முடியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கையால் ஓர் எழுத்துக்கூட எழுத வரவில்லை.

"பேசாத மனுசன வச்சுக்கிட்டு எப்படிக்கா இருக்கீய?" என்று விஜயராணி ஒருமுறை கேட்டாள்.

"கரன்ட் போன மெஷின் முன்னால உக்காந்திருக்கற மாதிரி, புள்ள. எப்ப வேணாலும் வந்துரும்னு பெடல்ல காலை வெச்சுக்கிட்டே உக்காந்திருக்கறேன்."

அவருக்குக் கால் மட்டும் மெல்ல மெல்ல வந்தது. அவர் எழுந்து நடந்தால் பழனியில் அவருக்கு மொட்டை போட்டு முடி கொடுப்பதாக மருதாள் முருகனிடம் வேண்டியிருந்தாள். தைப்பூசத்துக்குத் தெருக்காரர்கள் இரண்டு வேன் பிடித்துப் போய், கடைசித் தூரத்தை மட்டும் நடப்பதாக ஏற்பாடு. ஷிப்மென்ட் நேரம், மருதாளுக்கு லீவு கிடைக்கவில்லை. இன்னொரு கம்பெனியின் ஆபீசில் வேலை பார்க்கும் மகள் ஜெயசுதாவுக்கும் கிடைக்கவில்லை. பச்சை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மருதாள் அவரைத் தெருக்காரர்களோடு ஏற்றிவிட்டாள்.

"பத்தரமாக் கூட்டியாந்திருங்க சாமி. வாயில்லாத மனுசன்."

வேன்கள் திரும்பின. அவர் பின்வேனில் இருப்பதாக முன்வேன்காரர்கள் நினைத்தார்கள். முன்வேனில் இருப்பதாகப் பின்வேன்காரர்கள் நினைத்தார்கள். தெருமுனையில் எல்லோரும் இறங்கி முடித்த பிறகும், மருதாள் காலி வேனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பழனிக்கு ஓடினார்கள். அடிவாரத்தில் தேடினார்கள். ஐந்தரை அடி உயரம், மாநிறம், மொட்டைத் தலை, பச்சை வேட்டி என்று விசாரித்தபோது, பூக்கடைக்காரர் கூட்டத்தைக் கை காட்டினார். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் மொட்டைத் தலைகளும் பச்சை வேட்டிகளும்தான். மருதாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஊருக்கு வந்ததும், போனில் பரப்புவதற்காக ஜெயசுதா ஓர் அறிவிப்புத் தயார் செய்தாள். அவளிடம் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று, சேவூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்தது. படிய வாரிய முடி, முறுக்கிய மீசை, சிரித்த முகம். இன்னொன்று, பழனியில் முடி இறக்கியதும் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தது. சந்தனம் பூசிய மொட்டை, மழித்த மேலுதடு, கோணிய வாய்.

"அம்மா, இந்த மொட்டைப் படத்தப் போடலாம். இப்ப இப்படித்தான இருப்பாரு."

மருதாள் போனை வாங்கிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"வேண்டாங் கண்ணு. எழவு ஊட்டுல எடுத்த படம் மாதிரி இருக்குது."

ஜெயசுதா மறுபடி பார்த்தாள். அம்மா சொன்ன பிறகு அவளுக்கும் அது அப்படியேதான் தெரிந்தது. எத்தனை முறை கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் அப்படியேதான் தெரிந்தது.

"பேச வராதுன்னாவது எழுதோணும்மா."

"எழுதாத. ஊமைன்னு எழுதுனா பூட்டிப்போட்ட கடை மாதிரி ஆயிரும். உங்கப்பன் கடையப் பூட்டல, சித்த சாத்தி வெச்சிருக்கறாரு. தெறந்துருவாரு."

இதற்கு மேல் எந்த மகள் வாதாடுவாள்? மீசை முறுக்கிய படம் போயிற்று. உயரம், நிறம், பச்சை வேட்டி, ஒரு போன் நம்பர். போலீசிலும் அதே படத்தைத்தான் கொடுத்தார்கள்.

நாட்கள் போயின. குடித்துவிட்டு ஒருவன் கூப்பிட்டு, உன் புருசன் என்னோடுதான் இருக்கிறான் என்று சிரித்தான். வேறு யாரும் கூப்பிடவில்லை. மருதாள் சோற்றைப் பிசைவாள், தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். வேலைக்கு மட்டும் தவறாமல் வந்தாள். வீட்டில் அவர் உட்காரும் நாற்காலி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

விஜயராணிதான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"யக்கா, அந்த போட்டோவுல இருக்குறது யாரோ மாப்பிள்ளை. ஒங்க வீட்டுக்காரரு மாதிரியா இருக்கு? பூனைன்னு ஒத்த வார்த்தையில சூப்பர்வைசரையே கண்ணு முன்னால நிப்பாட்டுன ஆளு நீங்க. அவியள அப்படிச் சொல்ல முடியாதாக்கும்?"

அன்று இரவு உணவுக்கு முன் மருதாள் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். ஜெயசுதா போனில் எழுதினாள்.

'காணாமல் போனவர் பெயர் ராசப்பன். பேச வராது. மொட்டை போட்டவர். முடி இப்போது அறுத்த சோளக்காடு மாதிரி முளைத்திருக்கும். வலது காலைச் சேற்றிலிருந்து பிடுங்குவது போல எடுத்து வைத்து நடப்பார். டீ கொடுத்தால், கூட்டிலிருந்து விழுந்த குருவிக் குஞ்சை ஏந்துவது போல டம்ளரை இரண்டு கையாலும் ஏந்துவார். எங்கே உட்கார்ந்தாலும் முன்னால் இருப்பதைத் துணி என்று நினைத்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருப்பார். யார் வந்தாலும், கடைசி பஸ்ஸை விட்டவர் அந்த பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்ப்பது போலப் பார்ப்பார். ஒருமுறை பார்த்திருந்தால் உங்களால் மறக்க முடியாது.'

எழுதி முடித்ததை ஜெயசுதா ஒருமுறை படித்துப் பார்த்தாள். அப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது போலிருந்தது அவளுக்கு.

மறுநாளே போன் வந்தது. உடுமலைப்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கு இருக்கும் நல்லம்மாள்.

"ஏனுங்க அம்மிணி, மருமக படிச்சுக் காட்டுனாளுங்க. டம்ளர ரெண்டு கையில ஏந்தறவருன்னு. உங்க ஊட்டுக்காரருங்களா?"

"ஆமாங்க! இருக்கறாருங்களா? சாப்படறாருங்களா?"

"அம்மிணி..."

"சொல்லுங்க."

"பூசம் முடிஞ்சு யாரோ பஸ்ஸுல ஏத்தி உட்டிருக்கறாங்க. நம்ம தோப்பு வாசல்ல வந்து உக்காந்தாருங்க. பேரு கேட்டாச் சொல்லத் தெரியல. சோறு போட்டேன். இங்கயே இருந்தாருங்க. விழுந்த தென்ன மட்டையக்கூடத் தடவித் தடவி அடுக்கி வெப்பாரு. போன வாரம் காச்சல் வந்துச்சுங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள..."

மருதாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு சொல்லோணுமுங்க. சொல்லாட்டி எனக்குச் சோறு எறங்காது. மீசை வெச்ச போட்டோ ஒண்ணு மொதல்லயே எங்க போனுக்கு வந்துச்சுங்க. அவரு முன்னால வெச்சே பாத்தோம். அவரு போன வாங்கி அந்தப் படத்தத் தடவுனாரு. பொறவு தன் தலையத் தடவுனாரு. கண்ணுல தண்ணி ஊத்துச்சு. எல்லாத்தையுந் தடவறவருதானேன்னு போன வாங்கி வெச்சுட்டோமுங்க. மொட்டையோட ஒரு படம் இருந்திருந்தா, பேச மாட்டாருன்னு ஒரு வார்த்த இருந்திருந்தா, அன்னைக்கே கூப்புட்டிருப்பேன் தாயி."

உடுமலைப்பேட்டைக்குப் போகும் பஸ்ஸில், வழி நெடுகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வேறொரு நாளாக இருந்தால் அவற்றைப் பார்த்து அம்மா ஏதாவது சொல்லியிருப்பாள். ஜெயசுதா காத்திருந்தாள். மருதாள் மடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

யாரும் கேட்டு வராத உடல் என்று போலீஸ்காரர்கள் ஏற்கெனவே அடக்கம் செய்திருந்தார்கள். அடையாளம் காட்டுவதற்கு ஒரு படம் மட்டும் இருந்தது. காவலர் அதை நீட்டினார்.

மொட்டையில் முளைத்த முடி. கோணிய வாய். மூடிய கண்.

ஜெயசுதா படத்தைக் கையில் வாங்கினாள். பழனியில் எடுத்த படத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கண் மட்டும்தான் வேறு.

"அம்மா..."

"நாந்தானே கண்ணு சொன்னேன்." மருதாளின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "எழவு ஊட்டுப் படம்னு நாந்தானே சொன்னேன். உசுரோட இருந்த மனுசன..."

காவலர் பேனாவை எடுத்தார். "இவர் யாருன்னு உறுதியாச் சொல்லுங்கம்மா."

"எம்பட ஊட்டுக்காரருங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நல்லம்மாள் அவர்களை மண்மேட்டுக்குக் கூட்டிப்போனாள். மழை பெய்து மண் வெடித்து மேடு பள்ளமாக இருந்தது. மருதாள் மண்டியிட்டாள். உள்ளங்கையால் அந்த மண்ணைத் தடவித் தடவி, ஒரு மடிப்புகூட இல்லாமல் சமமாக்கினாள். மகள் தோளைத் தொட்டு எழுப்பும் வரைக்கும் அவள் கை நிற்கவில்லை.

காரியம் முடிந்து மருதாள் வேலைக்குத் திரும்பினாள். யாரும் அவளிடம் வாய் கொடுக்கவில்லை. சிவபிரகாஷ்கூட ஓசைப்படாமல் வந்து, மெதுவாகப் பார்த்துவிட்டுப் போனார். மேஜையில் பனியன்கள் குவிந்தன. அவள் ஒவ்வொன்றாக விரித்தாள், திருப்பினாள், தள்ளினாள்.

ஒரு பனியனின் நெஞ்சுப் பக்கத்தில் ஓட்டை இருந்தது. விரல் நுழையும் அளவு. மருதாள் அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

விஜயராணிக்கு மனசு கேட்கவில்லை. பழைய மருதாளை எப்படியாவது இழுத்துவிட வேண்டும் என்று, வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கேட்டாள்.

"யக்கா, அது எது மாதிரி இருக்கு? சொல்லுங்கக்கா."

மருதாள் சிவப்பு அம்பு ஸ்டிக்கரைப் பிரித்து ஒட்டினாள். பனியனை மடித்து ஓரமாக வைத்தாள்.

"ஓட்டை, புள்ள" என்றாள். அடுத்த பனியனை எடுத்தாள்.